ஸ்டென்ட் சீட்டும் மனநலச் சீட்டும் ஒரே ஆள் கையில்: எதோடு எது சேரக்கூடாது?

கம்பம்_மருந்துக்கடை:

வணக்கம். ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போகிறவர்களுக்கு நெஞ்சுவலி வந்தால் பெரும்பாலும் கேரளத்தில் கோட்டயம் பக்கம்தான் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சுருள்) வைக்கிறார்கள். கீழே இறங்கி வந்த மூணு, நாலு வாரத்தில் தூக்கம் போச்சு, சோறு இறங்கலை, யாரோடும் பேச்சில்லை என்று வீட்டார் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவமனைக்கோ தனியார் மனநல மருத்துவரிடமோ கூட்டிப் போகிறார்கள். அங்கே ஒரு சீட்டு. இதய டாக்டர் இதைப் பார்த்திருக்க மாட்டார், மனநல டாக்டர் அதைப் பார்த்திருக்க மாட்டார். இரண்டும் ஒன்றாக விரிக்கப்படுவது எங்கள் மேசையில்தான்.

அடிக்கடி வருகிற சேர்க்கைகள் இவை:

அ) ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, பீட்டா பிளாக்கரான மெட்டோப்ரொலால், பிரஷருக்கும் இதயத்துக்குமான ராமிப்ரில், ஒரு அமிலக் கேப்சூல். இதோடு மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 அல்லது ஃப்ளுவாக்சிட்டின் 20.

ஆ) குளோபிடோக்ரெலுக்குப் பதில் டிக்காக்ரெலோர் 90 இருவேளை. ஆள் “மூச்சு முட்டுது” என்கிறார். பயம் என்று சொல்லி, பதற்றத்தை அடக்கும் அல்பிரசோலம்.

இ) மனநிலை ஏற்ற இறக்கத்துக்குப் பத்து வருடமாக லித்தியம் சாப்பிடுகிறவருக்குப் புதிதாக ராமிப்ரில்.

இதில் எதைக் கொடுக்கலாம், எதை நிறுத்தி வைத்து டாக்டருக்குப் போன் போட வேண்டும்? “பீட்டா பிளாக்கர்தான் மனச்சோர்வு கொடுக்குது, அதை எடுத்துடு” என்று சிலர் சொல்வது சரியா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

மனமருந்து:

முதலில் (அ). மாரடைப்புக்குப் பின் ஐந்தில் ஒருவருக்கு மருந்து தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. அதனால் “இதய நோயாளிக்கு மன மாத்திரையே வேண்டாம்” என்கிற பேச்சை விட்டுவிடலாம். இந்த மாத்திரைகளில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டது, எஸ்சிட்டலோபிராமின் அதே குடும்பத்துச் செர்ட்ராலின். 2002-இல் வந்த சாதார்ட் ஆய்வில் மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்த 369 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் பம்ப் திறனும் குறையவில்லை, துடிப்புக் கோளாறும் கூடவில்லை. தொடக்கம் 25 மி.கி., ஒரு வாரம் கழித்து 50. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் வரும். அந்தப் படபடப்பை “ஹார்ட் மறுபடி” என்று பயப்படுவார்கள். இதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எஸ்சிட்டலோபிராமும் கெட்டதில்லை. கொரியாவில் 300 பேருக்கு 24 வாரம் கொடுத்து, சராசரி எட்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. மறு மாரடைப்பு, இறப்பு, மறு ஸ்டென்ட் எல்லாம் சேர்த்து மருந்து எடுத்தவர்களில் 40.9 சதவீதம், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 53.6 சதவீதம். ஒரே ஒரு ஆய்வுதான், கொரியர்களிடம் மட்டும்தான். ஆனாலும் மனச்சோர்வுக்குப் பார்த்தால் இதயத்துக்கும் உதவும் என்று காட்டிய அரிதான முடிவு. 2003-இல் பேச்சுச் சிகிச்சையை வைத்து 2,481 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மனசு தேறியது, உயிரிழப்பு குறையவில்லை.

எஸ்சிட்டலோபிராமில் பார்க்க வேண்டியது இசிஜியில் கியூடி இடைவெளி; அது நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். தொடங்கும் முன் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. 500 மில்லி செகண்டைத் தாண்டினாலோ முந்தையதை விட 60 கூடினாலோ உடனே டாக்டரிடம். 65 வயதுக்கு மேல் 10 மி.கி. தான் உச்சம்.

இங்கேதான் உங்கள் மேசையில் ஒரு பொறி இருக்கிறது. “ஒரு அமிலக் கேப்சூல்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன? நம்ம ஊரில் பான்டோப்ரசோல் தனியாக வருவதை விட டோம்பெரிடோன் சேர்த்து, பெயருக்குப் பின்னால் ‘டி’ போட்டு வருவதுதான் அதிகம். டோம்பெரிடோனும் கியூடியை நீட்டும். எஸ்சிட்டலோபிராமும் நீட்டும். அதோடு சளிக்கு ஒரு அசித்ரோமைசின் சேர்ந்தால் மூன்றாகிவிடும். வாந்திக்கு ஒண்டன்செட்ரானும் அதே ரகம். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கியிருக்கும் நாளில்தான் இதெல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

அமில மாத்திரை ஒமேப்ரசோல் அல்லது எசோமேப்ரசோல் என்றால் வேறு தொல்லை. குளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாது; கல்லீரலில் 2சி19 என்ற நொதி அதை மாற்றினால்தான் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும். ஒமேப்ரசோல் அந்த நொதியை மறிக்கிறது. எஸ்சிட்டலோபிராமை உடைப்பதும் அதே நொதிதான். ஒரு கேப்சூலால் ஸ்டென்ட் மாத்திரையின் பலம் குறைகிறது, மன மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறுகிறது. ஃப்ளுவாக்சிட்டினும், அதை விட மோசமாக ஃப்ளுவோக்சமினும், இதே நொதியை மறிக்கும். ஆகவே குளோபிடோக்ரெல் ஓடும்போது ஃப்ளுவாக்சிட்டின் சீட்டு வந்தால் “செர்ட்ராலினாக மாற்றலாமா டாக்டர்?” என்று ஒரு போன் போடுவது தகும். வெறும் பான்டோப்ரசோல் 40 போதும்.

ரத்தக்கசிவு: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அதோடு இந்த வகை மன மாத்திரை, மூன்றும் தட்டணுவைப் பாதிக்கும். கறுப்பு மலம், ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல் கேளுங்கள். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் கேட்டுவிடுங்கள்.) இடுப்புவலிக்கு டைக்லோஃபெனாக் வாங்க அதே ஆள் வருவார். கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் போதும். பசியும் தூக்கமும் சுத்தமாகப் போனவருக்கு மிர்ட்டசபின் 15 இரவில் என்பது டாக்டர்கள் எடுக்கும் மாற்று வழி, கசிவும் குறைவு.

ஏலமலை_வாசகர்:

தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் 10 தானே எளிது? எல்லாரும் எழுதுகிறார்கள். சின்ன அளவுதானே.

மனமருந்து:

சின்ன அளவு நரம்பு வலிக்கு எழுதப்படுகிறது, உண்மை. ஆனால் மாரடைப்பு வந்து மீண்டுகொண்டிருக்கும் காலத்தில் அதைக் கொடுக்கக் கூடாது என்று மருந்து உறையிலேயே இருக்கும். இதயத்துக்குள் மின்கடத்தலைத் தாமதமாக்கும், துடிப்பைக் கூட்டும், எழுந்து நின்றால் பிரஷர் இறங்கும். ராமிப்ரிலும் மெட்டோப்ரொலாலும் ஏற்கெனவே பிரஷரை இறக்கி வைத்திருக்கிற ஆளுக்கு விடியற்காலை ஒன்றுக்குப் போக எழும்போது விழ வாய்ப்பு அதிகம். இன்னொன்று, தற்கொலை எண்ணம் இருக்கக்கூடியவர் வீட்டில் ஒரு மாத அமிட்ரிப்டிலின் பட்டை கிடப்பது ஆபத்து. அளவு மீறினால் இதயத்தை நேராகத் தாக்கும் மருந்து அது.

கேத்லேப்_சிஸ்டர்:

கேரளப் பக்கம் வேலை, தமிழ்தான் வீட்டு மொழி. (ஆ)வுக்கு வருகிறேன்.

டிக்காக்ரெலோர் எடுக்கிறவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மூச்சு முட்டல் வரும் என்று 2009-இன் பிளாட்டோ ஆய்விலேயே இருக்கிறது. நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு இல்லை, மருந்தின் குணம். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தொடங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது “காத்து முழுசா உள்ளே போகலை” என்பார்கள். விரல் கருவியில் ஆக்சிஜன் 96, 97 காட்டும். வீசிங் இருக்காது.

பிரித்துப் பார்க்க இதைக் கேளுங்கள். படுத்தால் கூடுகிறதா, இரண்டு தலையணை தேவைப்படுகிறதா, நடு ராத்திரி மூச்சுக்கு எழுந்து உட்காருகிறாரா, மூணு நாளில் எடை 2 கிலோ ஏறியதா, கணுக்காலில் அழுத்தினால் குழி விழுகிறதா? இதில் எந்தக் கேள்விக்கு “ஆமா” என்றாலும் அது நீர் சேர்வதாக இருக்கலாம். அன்றே இதய டாக்டர். பயத் தாக்குதல் என்றால் திடீரென்று ஏறி, பத்து நிமிடத்தில் உச்சம் போய், அரை மணிக்குள் இறங்கும். விரல் மரத்துப்போகும், செத்துடுவேன் என்ற எண்ணம் வரும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்குப் புதிதாக நெஞ்சு இறுக்கம், வியர்வை என்றால் பயம் என்று முடிவு கட்டும் உரிமை யாருக்கும் இல்லை, முதலில் இசிஜி.

மருந்தால்தான் என்று தெரிந்தாலும் ஆளே நிறுத்தக் கூடாது. முதல் மாதங்களில் இதை விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். இதய டாக்டர் குளோபிடோக்ரெலுக்கு மாற்றுவார். கடைசி டிக்காக்ரெலோருக்கு 24 மணி நேரம் கழித்து, முதல் வேளை கூடுதல் அளவோடு. அல்பிரசோலத்தால் அந்த முட்டல் போகாது, பழக்கம்தான் மிஞ்சும். கூடுதல் கட்டுப்பாடுள்ள எச்1 பட்டியல் மருந்து, தனிப் பதிவேட்டில் எழுதி மூணு வருடம் வைக்க வேண்டியது என்று கடைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

டிக்காக்ரெலோரோடு சேரக்கூடாத இன்னொன்று கார்பமசெபின். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மாத்திரை. கல்லீரல் நொதியைத் தூண்டி டிக்காக்ரெலோரை வேகமாக உடைத்துவிடும், அட்டோர்வாஸ்டாட்டினையும் சேர்த்து. ஃபெனிட்டாயினும் அப்படியே. இரண்டு சீட்டிலும் இவை தனித்தனியே சரியாகத்தான் தெரியும்.

ஒரு மொழிச் சங்கதி. சிரிப்பாக இருக்கும், ஆனால் ஆளைப் படுக்க வைக்கும். மலையாளத்தில் “ராவிலே” என்றால் காலையில். நம்ம தோட்டத்து ஆட்கள் காதில் அது “ராவுல”, அதாவது ராத்திரி. டிஸ்சார்ஜ் நேரத்தில் வாயால் “ராவிலே ஒண்ணு” என்று சொன்னதைக் கேட்டு நீர் மாத்திரை டோர்சமைடை இரவில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? ராத்திரி நாலு தடவை ஒன்றுக்கு எழும்புவார், தூக்கம் கெடும், பகலில் அசதி, “தூக்கமில்லை, சோர்வு” என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பப்படுவார். செர்ட்ராலினும் இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அட்டையில் சூரியன், நிலா படம் வரைந்து கொடுங்கள். நீர் மாத்திரையை லேபர் ஜீப் ஏறும் முன் போட்டாலும் வளைவு வளைவாக வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும் என்று முழுங்காமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு நேரத்தை எழுதி வாங்குங்கள்.

போடி_லேப்:

(இ) லித்தியம். மூணில் இதுதான் வேகமாக ஆளைக் கவிழ்க்கும்.

சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஒரே வாசலில் திரும்ப உள்ளே இழுக்கிறது. சோடியம் குறைந்தால் அந்த இடத்தில் லித்தியத்தை இழுத்துக்கொள்ளும். ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், பெயருக்குப் பின்னால் ‘எச்’ போட்டு வரும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்க்கைகள், குளோர்தலிடோன், டைக்லோஃபெனாக், இபுப்ரூஃபென் எல்லாம் லித்தியத்தை ஏற்றும். யாரும் யோசிக்காதது: ஸ்டென்ட் வைத்த மறுநாள் “உப்பைச் சுத்தமாக நிறுத்து” என்று சொல்வார்கள். அதுவும் லித்தியத்தை ஏற்றும். ராமிப்ரிலும் உப்பில்லாக் கஞ்சியும் சித்திரை வெயிலில் திராட்சைத் தோட்ட வேர்வையும் சேர்ந்தால் பழைய அளவு மாத்திரையே விஷமாகும்.

ரத்தம் எடுக்கும் விதம் முக்கியம். கடைசி வேளைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து. இரவு 8-க்குப் போட்டால் காலை 8-க்கு ஊசி. காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகுதான். மாத்திரை போட்டுவிட்டு வந்து கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். லித்தியம் ஹெப்பரின் குழாயில் எடுத்தாலும் அப்படியே, இது இன்னும் நடக்கிறது. இருக்க வேண்டிய அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை, சிலருக்கு 1.0 வரை. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. வயதானவர்களில் அதற்குக் கீழேயே அறிகுறி வரும்: கை பெரிதாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல், வயிற்றுப்போக்கு. ராமிப்ரில் தொடங்கும் முன் ஒரு அளவு, தொடங்கி ஒரு வாரத்தில் ஒன்று, அளவு மாற்றும்போதெல்லாம் ஒன்று, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் சேர்த்து. பிரஷருக்கு மட்டும் என்றால் அம்லோடிபின் இந்த வம்பில் இல்லை. பம்ப் குறைந்தவருக்கு ராமிப்ரில் தேவைதான். அப்போது லித்தியத்தை டாக்டர் குறைத்துக்கொண்டு ஓட்டுவார். இப்போது இதயச் செயலிழப்புக்கு டாபாகிளிஃப்ளோசின் 10 எல்லாச் சீட்டிலும் வருகிறது. அது எதிர்த்திசையில், லித்தியத்தை வெளியே தள்ளும். அளவு இறங்கி மனநோய் திரும்பினால் “மாத்திரை ஒழுங்கா போடலை” என்று நோயாளியைத் திட்டுவார்கள்.

சோடியம் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபது தாண்டிய பெண், குளோர்தலிடோனோடு செர்ட்ராலினோ எஸ்சிட்டலோபிராமோ தொடங்கினால் இரண்டாம் வாரம் சோடியம் பார்த்துவிடுங்கள். 125-க்குக் கீழே போனால் உளறல், மந்தம். மனநோய் முற்றியது என்று தோன்றும்.

மலையடிவார_செவிலி:

வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற பக்கத்திலிருந்து. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கப் போகும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடலாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருந்ததா? இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் 2, கிட்டத்தட்ட தினமும் 3. கூட்டினால் 3-க்கு மேல் வந்தாலோ 3 வந்தாலோ ஒன்பது கேள்வித் தாள். அதில் 10 வந்தால் மருத்துவரிடம்.

கவனம்: அசதி, தூக்கம், பசி மூன்று கேள்விக்கும் இதய நோயாலேயே மதிப்பெண் ஏறும். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், முதல் இரண்டு கேள்வியும் “நான் வீட்டுக்குப் பாரம்” என்கிற குற்ற உணர்வும் இருக்கிறதா பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. தோட்டத்து ஆண்கள் “சாகணும்னு தோணுது” என்று சொல்ல மாட்டார்கள். “ராத்திரி தூங்கினா விடியாம இருந்தா நல்லது” என்பார்கள், அல்லது ஸ்டென்ட் மாத்திரையை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அதையும் அந்தக் கேள்விக்கான பதிலாகவே எடுக்க வேண்டும். ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். 14416, டெலி மானஸ், இரவு பகல் இலவசம், மலைக்கு மேலே இருந்தும் தமிழ் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.

புது நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் 14 மாத்திரை முதல் வேளையாகக் கொடுக்கிறோம்: ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோக்ரெல் 75 நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு. ஏற்கெனவே டிக்காக்ரெலோர் எடுப்பவரா என்று கேட்டு, மருத்துவரிடம் சொல்லாமல் இதைக் கொடுக்காதீர்கள்.

கம்பம்_மருந்துக்கடை:

எல்லாருக்கும் நன்றி. பீட்டா பிளாக்கர் கேள்வி நிற்கிறது. இன்னொன்று, குமுளியில் வாங்கிய தூக்கச் சூரணம், அரிஷ்டம் என்று சிலர் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

மனமருந்து:

பீட்டா பிளாக்கர் மனச்சோர்வு தரும் என்பது பழைய நம்பிக்கை. 2021-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மனச்சோர்வோடு தொடர்பு தெரியவில்லை. விசித்திரக் கனவும் தூக்கக் கெடுதலும் உண்டு, குறிப்பாக ப்ரொப்ரனலாலில். தேவையா என்பது தனிக் கேள்வி, அதில்தான் சமீபத்தில் காற்று மாறியிருக்கிறது. எக்கோவில் இதயத்தின் பம்ப் திறன் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பலன் இல்லை என்று 2024-இல் ரெட்யூஸ் ஆய்வு, 40-க்கு மேல் இருந்தாலும் இல்லை என்று 2025-இல் ரீபூட். அதே 2025-இல் டென்மார்க், நார்வே ஆய்வு கொஞ்சம் பலன் உண்டு என்கிறது. சண்டை ஓயவில்லை. ஆகவே எக்கோ தாளோடு இதய டாக்டரிடம் “இன்னும் வேணுமா?” என்று கேட்பது நியாயம். தானே சடாரென்று நிறுத்துவது ஆபத்து, துடிப்பும் நெஞ்சுவலியும் எகிறும். நிறுத்துவதானால் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக.

மேசையில் பார்க்க வேண்டியது இரட்டிப்பு. இதயச் சீட்டில் மெட்டோப்ரொலால், மனநலச் சீட்டில் கை நடுக்கத்துக்கோ பதற்றத்துக்கோ ப்ரொப்ரனலால். இரண்டும் ஒரே குடும்பம், பெயர் வேறு. பாராக்சிட்டின், ஃப்ளுவாக்சிட்டின், புப்ரோப்பியான் மூன்றும் மெட்டோப்ரொலாலை உடைக்கவிடாமல் ஏற்றும். நாடி 50-க்குக் கீழே, தலைச்சுற்றல் என்றால் அடுத்த வேளை போடும் முன் டாக்டருக்குப் போன்.

சூரணத்தில் சர்ப்பகந்தா என்கிற மூலிகை வேர் இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்துதான் பழைய பிரஷர் மருந்து ரெசர்பின். 1931-இலேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் பைத்தியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரே வேர் என்று எழுதினார்கள். 1949-இல் பம்பாயின் ருஸ்தம் வக்கீல் எழுதிய பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. அப்புறம்தான் அது சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளுகிறது என்று தெரிந்து கைவிட்டார்கள். மெட்டோப்ரொலாலோடு சேர்ந்தால் நாடியும் பிரஷரும் ஒன்றாக விழும். அதிமதுரம் தினமும் சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கி பிரஷர் ஏறும். அரிஷ்டத்தில் சாராயம் தானாக ஊறியிருக்கும், அல்பிரசோலத்தோடு வேண்டாம்.

போடி_லேப்:

விட்டுப்போன ஒன்று. தீவிர மனநோய்க்கான குளோசபின் தொடங்கி முதல் நாலு வாரத்துக்குள் காய்ச்சல், நாடி 120, நெஞ்சு கனம் என்றால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். குளோசபின் வெள்ளணுவைக் குறைக்கலாம் என்பதால் வெள்ளணுப் பரிசோதனை மட்டும் எழுதி வருகிறார்கள். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனினும் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் வாரம் ஒரு தடவை அந்த நாலு வாரமும் எடுப்பது நல்லது. வெள்ளணுக் கணக்குக் காட்டினால்தான் மருந்து என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2025-இல் எடுத்துவிட்டது என்று சிலர் ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்கிறார்கள். எடுத்தது மருந்து வழங்கும் கட்டுப்பாட்டைத்தான். பரிசோதனை பார்க்கச் சொல்லும் அறிவுரை அப்படியே இருக்கிறது.

கேத்லேப்_சிஸ்டர்:

கடைக்காரருக்குக் கடைசியாக ஒன்று. இதய மாத்திரை 30 நாளைக்கு, மன மாத்திரை 14 நாளைக்கு என்று வரும். பதினைந்தாம் நாள் மன மாத்திரை தீர்ந்து, மலைக்கு மேலே இருப்பவர் இறங்கி வர மாட்டார். செர்ட்ராலின் சட்டென நின்றால் இரண்டு மூணு நாளில் தலைச்சுற்றல், உடம்பில் கரண்ட் அடிப்பது போல் வெட்டு, எரிச்சல். அதை “ஸ்டென்ட் மாத்திரை ஒத்துக்கலை” என்று நினைத்து இரண்டையும் சேர்த்து நிறுத்துவார். பட்டையின் பின்னால் தீரும் தேதியை மார்க்கரில் எழுதிக் கொடுங்கள், இரண்டு மருந்துக்கும் தனித்தனியாக. ஸ்டென்ட் வைத்த தேதியையும் அதே அட்டையில் எழுதிவிட்டால் பல் பிடுங்கப் போகிற இடத்தில் குளோபிடோக்ரெலை நிறுத்தச் சொல்கிறவருக்கும் பதில் கையில் இருக்கும்.